மீட்டரில் ஏறாத சுமை

திருப்பூரில் பழைய வண்டி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது ‘என்ன மாடல்?’ அடுத்தது ‘எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?’ ஆட்டோ கன்சல்டிங் கடைகளில் விலைப் பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டு எண்களையே சுற்றி வருகிறது. இந்த ஊரைப் பொறுத்தவரை இரண்டும் அரைகுறைத் தகவல்தான் என்பது என் வாதம். வண்டி எதைச் சுமந்து ஓடியது என்று பார்த்துத்தான் இங்கே விலை பேச வேண்டும். அதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் பட்டறையில் கை கறுத்து உட்கார்ந்திருக்கும் மெக்கானிக். அவருடைய அந்தத் திறமைக்கு மட்டும் இங்கே கூலி கிடையாது. “ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லுங்ணா” என்பதோடு சரி, மிஞ்சிப்போனால் ஒரு டீ.

சுமை என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இங்குள்ள தொழில். ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் முழுதாக உருவாவது குறைவு. நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒவ்வொன்றும் ஜாப் ஒர்க்காக வேறு வேறு யூனிட்டுக்குப் போகிறது. துணி ரோல் டெம்போவில் ஏறும். வெட்டிய பீஸ் கட்டு, காலர், லேபிள், நூல் கோன், பையர் அவசரமாகக் கேட்ட சாம்பிள் எல்லாம் எக்ஸ்.எல்.லிலோ ஸ்பிளெண்டரிலோ பறக்கும். ராயபுரத்துக்கும் காதர்பேட்டைக்கும் இடையே மூட்டையோடு நாளெல்லாம் அலையும் வண்டியின் மீட்டரில் சேரும் தூரம் சொற்பம். அவிநாசியிலிருந்து ஒருவர் தனியாகக் கம்பெனிக்கு வந்துபோகும் வண்டியில் தூரம் ஏறிக்கொண்டே இருக்கும். ஆனால் கிளட்ச்சும் பின் பிரேக்கும் ஷாக்கப்சரும் சீக்கிரம் தேய்வது முதல் வண்டியில். கிலோமீட்டரைப் பார்த்து வாங்குகிறவர் அதிக விலை கொடுத்து அதைத்தான் எடுத்து வருவார். போதாக்குறைக்கு, பழைய வண்டிகளில் மீட்டரை ஓட்டுவது முன்சக்கரத்திலிருந்து வரும் ஒரு கேபிள். அது அறுந்தால் மாற்றுகிறவர்கள் குறைவு. யாரும் மோசடி செய்யாமலே மீட்டர் பொய் சொல்லும்.

மெக்கானிக்கின் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அவர் மீட்டரைக் கடைசியில்தான் பார்க்கிறார். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுகிறார். ஆட்டம் சக்கரத்தில் மட்டும் இருந்தால் பேரிங். ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் புஷ் போய்விட்டது, அதாவது பின்னால் கனம் ஏறிய வண்டி. பின் ஸ்பிராக்கெட்டின் பின்புறம் செயினை இரண்டு விரலால் இழுக்கிறார். பல்லை விட்டுச் செயின் எழும்பினால் செயின் செட்டே புதிதாகப் போட வேண்டும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் பிடித்து நின்றால் கோன் செட்டில் குழி விழுந்திருக்கிறது. சீட்டுக்கு அடியில் கேரியர் சேரும் இடத்தில் வெல்டிங், அதை மூடப் புதுப் பெயிண்ட். பக்கவாட்டில் கயிறு உரசி உரசி மழுங்கிய கோடு. இந்தக் கோட்டை மறைக்கப் பாலிஷ் போட்டுத் தருகிறவர்களும் உண்டு. புகையைக்கூட வண்டி பார்த்துத்தான் எடைபோட வேண்டும். டூ ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். சூப்பர் ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடியது, அது புகைவிடுவது இயல்பு. 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்ட்ரோக், அதில் நீலப் புகை வந்தால் ரிங்கையோ வால்வு சீலையோ சந்தேகப்பட வேண்டும். நாம் போகும் முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

மெக்கானிக்குக்கே கடைக்காரரிடம் கமிஷன் உண்டே, அவர் வார்த்தையை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வாங்குகிறவர் எதுவும் தராததால்தான் விற்கிறவர் தருவது ஒன்றே அவருக்கு வருமானமாகிறது. கடையோடு தொடர்பில்லாத பட்டறைக்காரரை அழைத்துப்போய், வண்டியை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இவ்வளவு என்று முன்பே பேசிவிட்டால், ‘வேண்டாம்’ என்று சொல்ல அவருக்குத் தயக்கம் இருக்காது. சனிக்கிழமைச் சம்பளத்தில் பிழைக்கும் டெய்லருக்கு அது கூடுதல் செலவு என்பார்கள். ஒரு கிளட்ச் செட்டோ ரீபோரோ வைக்கும் செலவுக்கு முன் அது சிறியது. வண்டிக் கம்பெனிக்காரர்களே நடத்தும் பழைய வண்டிக் கடைக்குப் போகலாமே என்றால், டெய்லரின் கைக்கு எட்டும் பத்து வருஷ வண்டியை அங்கே தேடிப் பிடிப்பது கஷ்டம்.

‘ஆர்.சி. புக் கிளியரா இருந்தா போதும்’ என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. கடன் அடைந்து ஹெச்.பி. கேன்சல் ஆகியிருக்கிறதா, 15 வருஷப் பதிவு முடிந்துவிட்டதா என்பதையெல்லாம் மெக்கானிக்கின் விரல் சொல்லாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளி, பேர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்ட 29, 30 படிவங்களோடு வண்டியை வாங்கி, பேர் மாற்றாமலே ஓட்டி, ஊருக்குப் போகும்போது இன்னொருவருக்குக் கைமாற்றிவிடுவது இங்கே நடக்கிறது. இதில் முதலில் மாட்டுகிறவர் விற்றவர். விபத்து நடந்தால் பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் புக்கைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் புக்கில் இருப்பது யாருடைய வண்டி என்ற விவரம். அது பீஸ் கட்டு சுமந்ததா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனதா என்பதற்கு அதில் பத்தி கிடையாது.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு எக்ஸ்.எல்.லிலும் ஸ்பிளெண்டரிலும் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. பட்டறைகளில் இவற்றுக்குச் ‘சென்சார் வண்டி’ என்று பேர். சாவியைப் போட்டதும் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் கோளாறை மறைக்க அதைக் கழற்றியிருக்கலாம். உள்ளே இருக்கும் கோளாறைப் படிக்க ஸ்கேனர் வேண்டும், ஓசியில் வண்டி பார்த்துச் சொல்லும் சிறு பட்டறைக்காரர் அதை எதை வைத்து வாங்குவார்? இனி விற்பனைக்கு வரும் வண்டிகளில் இந்த ரகம் கூடிக்கொண்டேதான் போகும். ஸ்கேனரும் புஷ் ஆட்டத்தையோ கயிற்றுத் தடத்தையோ காட்டாது. அதற்குப் பழைய கையே வேண்டும். இரண்டும் ஒரே பட்டறையில் இருக்க வேண்டுமானால் வண்டி பார்க்கும் வேலைக்குத் தனிக் கூலி பேசியாக வேண்டும்.