"காசு வந்துவிட்டதா?" – தங்கையின் இணையக் கடையும் நான் கற்ற பாடமும்



கடந்த பள்ளி விடுமுறையின் பெரும்பகுதி கிள்ளானில், என் தங்கையின் வீட்டில் கழிந்தது. அவள் தமிழ் எழுத்து அட்டைகளும் சொல் விளையாட்டு அட்டைகளும் தன் கையாலேயே செய்து விற்பவள். பிரிக்பீல்ட்சில் மொத்தமாக வாங்கி வரும் சிறுவர் கதை நூல்களும் அவளிடம் கிடைக்கும். பல ஆண்டுகளாகப் புலனக் குழு வழியாகவே விற்று வந்தவள், இப்பொழுது சொந்தமாக ஓர் இணையக் கடையை அமைத்திருக்கிறாள். படங்கள் ஏற்றியாயிற்று, விலைகள் குறித்தாயிற்று. ஒன்று மட்டும் எஞ்சி நின்றது. வாங்குபவரிடமிருந்து பணம் பெறுவதற்கு எந்தச் சேவையைத் தேர்ந்தெடுப்பது?

"எது மலிவுன்னு கணக்குப் பார்த்துச் சொல்லுங்க, அக்கா" என்றாள். ஆண்டு நான்கு மாணவர்களுக்குக் கணிதம் போதிப்பவள் என்பதால் எனக்கு இந்தப் பெருமை. நானும் தாளையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். ஆனால், கணக்கைத் தொடங்கும் முன்பே பழைய நிகழ்வொன்று நினைவுக்கு வந்து, கேள்வியையே மாற்றிவிட்டது.

2019ஆம் ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரங்களுக்கு முன் நடந்தது அது. தங்கையிடம் வழக்கமாக நூல் வாங்கும் ஒரு தாய், ஒரு வெள்ளிக்கிழமை இரவு 46 ரிங்கிட்டை வங்கி வழியாக அனுப்பிவிட்டு, ரசீதின் படத்தையும் புலனத்தில் அனுப்பினார். அவர் தொழிற்சாலையில் வேலை செய்பவர். இரண்டு பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் பயில்கின்றனர். சனிக்கிழமை காலையில் தங்கை தன் வங்கிக் கணக்கைப் பார்த்தாள். பணம் வரவில்லை. அந்த மாதத் தொடக்கத்தில்தான் வேறொருவர், திருத்தப்பட்ட ரசீதுப் படத்தைக் காட்டி 80 ரிங்கிட் பொருளைக் கொண்டுபோயிருந்தார். சூடுபட்ட மனம் அவசரப்பட்டது. "பணம் வராமல் ரசீது மட்டும் அனுப்புவோர்க்கு இனிப் பொருள் கிடையாது" என்று குழுவில் எழுதிவிட்டாள். பெயரைக் குறிப்பிடவில்லை. ஆயினும் அந்தத் தாய் சற்று முன்புதான் அதே குழுவில் "நூல் எப்பொழுது வரும்?" என்று கேட்டிருந்தார். எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

திங்கட்கிழமை நண்பகலுக்குள் பணம் வந்து சேர்ந்தது.

நடந்தது இதுதான். நம் நாட்டு வங்கிகளில் அப்பொழுது பணம் அனுப்ப இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, உடனே சென்று சேர்வது. மற்றொன்று, இன்டர்பேங்க் ஜைரோ. இது தொகுதி தொகுதியாகச் செல்வது. வெள்ளிக்கிழமை மாலைக்குப் பின் அனுப்பினால் அடுத்த வேலை நாளில்தான் போய்ச் சேரும். அந்தத் தாய் அறியாமல் இரண்டாவது வழியை அழுத்தியிருக்கிறார். தங்கை குழுவிலேயே மன்னிப்புக் கேட்டாள். ஆனால், அதைப் படிக்க அவர் அங்கு இல்லை. முன்தினமே குழுவை விட்டு விலகியிருந்தார்.

யார் மீது குற்றம்? தாய் பொய் சொல்லவில்லை. தங்கையும் தீயவள் அல்லள். இருவருக்கும் இடையில், "ஆம், பணம் செலுத்தப்பட்டது" என்று உடனே சொல்லக்கூடிய நடுநிலையான சாட்சி ஒன்று இல்லை. அவ்வளவுதான். ஆகவே, எது மலிவு என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, எந்தச் சேவை அந்தச் சாட்சியாக நிற்கும் என்பதே.

இது நமக்கு மட்டும் நேர்ந்த சிக்கலன்று. 2003ஆம் ஆண்டு சீனாவில் தாவ்பாவ் என்னும் இணையச் சந்தை தொடங்கியபொழுது, முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் நம்ப மறுத்தனர். பணத்தை இடையில் தான் வைத்திருந்து, பொருள் கிடைத்ததாக வாங்கியவர் சொன்ன பின்னரே விற்றவரிடம் ஒப்படைக்கும் முறையாக அலிபே பிறந்தது. 2015இல் மலேசியாவிற்கு வந்த ஷாப்பியும் இவ்வாறே பணத்தை இடையில் நிறுத்தி வைக்கிறது. இச்சேவைகள் விற்பது தொழில்நுட்பத்தை மட்டுமன்று, நம்பிக்கையையும்தான்.

இனி, நம் நாட்டில் உள்ள வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது, எஃப்.பி.எக்ஸ். இதனை நடத்துவது பேநெட் நிறுவனம். பேங்க் நெகாராவும் உள்நாட்டு நிதி நிறுவனங்களும் பங்குதாரர்களாக உள்ள இந்நிறுவனம், 2017இல் இரண்டு நிறுவனங்கள் இணைந்ததால் உருவானது. வாங்குபவர் கடைப் பக்கத்தில் தம் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுக்கிறார். உடனே தம் சொந்த வங்கியின் பக்கத்திற்கோ செயலிக்கோ செல்கிறார். அங்கேயே கடவுச்சொல் இட்டு ஒப்புதல் அளிக்கிறார். வெற்றியா தோல்வியா என்ற செய்தி அந்த நிமிடமே கடைக்கு வந்துவிடுகிறது. ரசீதுப் படத்திற்கு வேலையே இல்லை. கடன்பற்று அட்டை இல்லாதவரும் செலுத்தலாம். தங்கையின் வாடிக்கையாளர்களுள் பலர் அட்டை இல்லாதவர்களே.

இரண்டாவது, டுயிட்நவ் கியூஆர். இதனையும் பேநெட்டே நடத்துகிறது. ஒரே குறியீட்டை எந்த வங்கிச் செயலியாலும், டச் அண்ட் கோ போன்ற மின்பணப்பையாலும் படிக்கலாம். 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இதற்கு வணிகரிடம் கட்டணம் வாங்கப்படும் என்ற செய்தி வந்து சலசலப்பு எழுந்ததும், பல வங்கிகள் சிறு வணிகர்களுக்கு விலக்கு அளித்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறியீட்டைப் படமாக ஒட்டி வைத்தால் மீண்டும் ரசீதுப் படத்திற்கே திரும்ப நேரலாம். கட்டணச் சேவையின் வழியாக, ஒவ்வொரு கொள்முதலுக்கும் தனிக் குறியீடு உருவானால் கடைக்கு உடனடிச் செய்தி வரும்.

மூன்றாவது, கடன்பற்று அட்டையும் பற்று அட்டையும். சிங்கப்பூரிலுள்ள உறவினர்களுக்கு விற்க இவை உதவும். ஆனால், அட்டைக்காரர் தம் வங்கியில் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை உண்டு. பொருளை அனுப்பிய பின்னும் பணம் கைவிட்டுப் போகலாம். பேபால் வெளிநாட்டு வாடிக்கையாளர்க்குப் பழக்கமானதே. எனினும், விழுக்காட்டுக் கட்டணத்தோடு ஒரு நிலையான தொகையும், நாணய மாற்றின் இழப்பும் சேரும்.

சிறு கடைக்காரர் இவற்றுள் பலவற்றை நேரடியாக இணைப்பது கடினம். பெரும்பாலும் இடையில் "கட்டண நுழைவாயில்" என்னும் நிறுவனம் ஒன்று வேண்டும். அத்தகைய நிறுவனங்கள் பல உள்ளன. இங்குதான் கணக்கு வந்தது.

கீழே வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காகவே. கட்டணம் அவ்வப்பொழுது மாறும். அன்றைய நிலவரத்தை அந்தந்த நிறுவனத்திடமே கேட்டறிக. எஃப்.பி.எக்ஸ். வழியாக ஒவ்வொரு முறைக்கும் ஒரு ரிங்கிட் என்றும், அட்டைக்கு 2.5 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். 8 ரிங்கிட் கதை நூல் ஒன்றுக்கு ஒரு ரிங்கிட் போனால் அது 12.5 விழுக்காடு! அட்டைக்கோ 20 சென்தான். 40 ரிங்கிட்டில் இரண்டும் சமம். 100 ரிங்கிட்டுக்கு எஃப்.பி.எக்ஸ். ஒரு ரிங்கிட், அட்டைக்கு 2 ரிங்கிட் 50 சென். ஆக, "எது மலிவு?" என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. சராசரி விற்பனைத் தொகை எவ்வளவு என்பதே விடையைத் தரும். அட்டைக் கட்டணத்தில் "அல்லது குறைந்தபட்சத் தொகை, எது அதிகமோ அது" என்ற வரி இருக்கிறதா என்றும் தேட வேண்டும். இருந்தால், 20 சென் என்ற மகிழ்ச்சி மறைந்துவிடும்.

அடுத்தது ஆண்டுக் கட்டணம். ஒரு சேவை ஆண்டுக் கட்டணமின்றி ஒவ்வொரு முறைக்கும் ஒரு ரிங்கிட் கேட்கிறது. மற்றொன்று ஆண்டுக்கு 240 ரிங்கிட்டும் ஒவ்வொரு முறைக்கும் 60 சென்னும் கேட்கிறது எனக் கொள்வோம். ஒவ்வொரு விற்பனையிலும் 40 சென் மிச்சம். 240 ரிங்கிட்டை ஈடுகட்ட 600 விற்பனை வேண்டும். தங்கைக்கு மாதம் முப்பது என்றால் ஆண்டுக்கு 360தான். எனவே, ஆண்டுக் கட்டணம் இல்லாத சேவையே அவளுக்கு ஏற்றது. "ஐயோ, 60 சென்னைப் பார்த்து மயங்க இருந்தேனே" என்று சிரித்தாள்.

கணக்கில் இரண்டு சேவைகள் தேறின. அப்பொழுதுதான் தங்கை தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள்: "அக்கா, அவங்களையே கூப்பிட்டு முயன்று பார்க்கச் சொல்லலாமா?"

"அவங்க" என்றது யாரை என எனக்குத் தெரியும். அந்த 2019 நிகழ்வுக்குப் பின், தங்கை தீபாவளிப் பலகாரத்தோடு அவர் வீட்டு வாசலுக்கே சென்று மன்னிப்புக் கேட்டிருந்தாள். அவர் பலகாரத்தை வாங்கிக்கொண்டார்; நூல் வாங்குவதை மட்டும் நிறுத்திவிட்டார். இப்பொழுது அழைத்ததும் வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தார். தேநீர் கொடுத்து, அவர் கைப்பேசியிலேயே ஒரு ரிங்கிட் செலுத்திப் பார்க்கச் சொன்னோம்.

முதல் சேவையில், வங்கியின் ஒப்புதல் பக்கம் வரை சென்றவர் சட்டென்று நிறுத்திவிட்டார். "இது யாரு? உங்க கடைப் பேரு இல்லையே" என்றார். பணம் பெறுபவர் என்ற இடத்தில் அந்த நுழைவாயில் நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருந்தது. தெரியாத பெயருக்குப் பணம் அனுப்பாதீர் என்று நாம்தானே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! அவர் செய்தது முற்றிலும் சரி. மேசைக் கணக்கில் நான் இதனைக் காணவே இல்லை.

இரண்டாவது சேவையில், வங்கிக்குச் செல்லும் முன்னரே ஒரு பக்கம் வந்தது. கடையின் பெயர், பொருள், தொகை, பணம் எந்த நிறுவனத்தின் வழியாகச் செல்கிறது என்பன தெளிவாக இருந்தன. அழுத்தினார். அவர் கைப்பேசியைக் கீழே வைப்பதற்குள் தங்கையின் கைப்பேசி ஒலித்தது. "வந்துவிட்டதா?" என்று கேட்டார். "வந்துவிட்டது, அக்கா" என்றாள் தங்கை. இருவரும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

வள்ளுவர் "தெரிந்துதெளிதல்" என்று ஓர் அதிகாரமே வைத்தார். ஆராயாமல் நம்புவதும் தவறு. நம்பியபின் ஐயுறுவதும் தவறு. அரசனுக்குச் சொன்னது சிறு கடைக்கும் பொருந்துகிறது.

இணையக் கடை தொடங்க எண்ணும் பெற்றோர்க்கும், நிதி திரட்ட எண்ணும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும் பயன்படும் என்று, நாங்கள் சரிபார்த்தவற்றைக் கீழே தருகிறேன்.

1. அந்த நிறுவனம் பேங்க் நெகாராவிடம் பதிவு பெற்றதா? பேங்க் நெகாராவின் இணையத்தளத்திலுள்ள பட்டியலில் பெயரைத் தேடுக.

2. உங்கள் வணிகம் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவானதா? தனி உரிமையாளர் தம் சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட். வணிகப் பெயரில் 60 ரிங்கிட். நுழைவாயில் நிறுவனங்கள் பெரும்பாலும் இச்சான்றிதழையும் வணிகப் பெயரிலுள்ள வங்கிக் கணக்கையும் கேட்கும்.

3. விற்ற பணம் எத்தனை நாளில் உங்கள் கணக்கிற்கு வரும்? மறுநாளா, ஒரு வாரமா? தீபாவளிக்கு முன் தாள் வாங்கப் பணம் தேவைப்படுபவர்க்கு இது 40 சென்னைவிடப் பெரிது.

4. பணத்தைத் திருப்பித் தருவது எப்படி? எஃப்.பி.எக்ஸ். கொள்முதலில் பெரும்பாலும் நாமே வங்கி வழியாகத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

5. அட்டை எண்ணை ஒருபொழுதும் நீங்களே கேட்டு வாங்காதீர். 2022 ஆகஸ்டில் நம் நாட்டு நுழைவாயில் நிறுவனம் ஒன்றே, அட்டை விவரங்கள் கசிந்திருக்கக்கூடும் என அறிவித்தது. பெரிய நிறுவனத்திற்கே அந்நிலை என்றால், நம் குறிப்பேட்டில் எழுதி வைப்பது எவ்வளவு ஆபத்து!

6. பெயர், பதிவு எண், தொடர்பு முகவரி, அஞ்சற் செலவு உட்பட முழு விலை, பொருள் வந்துசேரும் காலம் ஆகியவை கடைப் பக்கத்தில் உள்ளனவா? 2013 ஜூலையில் மின்வணிக விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தது முதல் இணைய விற்பனையாளர் வெளியிட வேண்டியவை இவை.

7. இறுதியாக, நீங்கள் முயன்று பார்ப்பது போதாது. உங்களிடம் வாங்கப்போகும் ஒருவர், அவருடைய கைப்பேசியில் முயன்று பார்க்கட்டும்.

தங்கையின் கடை இப்பொழுது எஃப்.பி.எக்ஸ்., டுயிட்நவ் கியூஆர் ஆகிய இரண்டோடு இயங்குகிறது. அட்டை வசதியைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அந்த ஒரு ரிங்கிட்டை வாங்குபவர் தலையில் சுமத்தாமல் தானே ஏற்கிறாள். எட்டு ரிங்கிட் நூலுக்கு அது கட்டுப்படியாகாது என்பதால் நூல்களை மூன்று மூன்றாகக் கட்டி விற்கிறாள். ஒரே நூல் போதும் என்பவர் கிள்ளானில் நேரில் வந்து காசு கொடுத்தே வாங்கிக்கொள்ளலாம்.

அந்தத் தாய் சென்ற மாதம் ஒரு கட்டு நூல் வாங்கினார். பணம் செலுத்திய கையோடு, பழைய பழக்கத்தில் ரசீதின் படத்தையும் தங்கைக்கு அனுப்பிவைத்தார். "படம் தேவையில்லை அக்கா, பணம் வந்துவிட்டது" என்று தங்கை பதில் எழுதினாள்.