சுற்றுகிறதா, ஏறுகிறதா?

செப்டம்பர் நடுவில் பென்சில்வேனியாவின் ஹாக் மவுண்டன் உச்சிப் பாறையில் உட்கார்ந்தால், முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மகள் அந்தப் பக்கம் இருப்பதால் எனக்கும் பார்க்க வாய்த்தது. தென்னமெரிக்கா வரை போகவேண்டிய பருந்துகள், அவசரமே இல்லாமல் ஓரிடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன. அகலச் சிறகுப் பருந்து. அரைக் கிலோகூடத் தேறாத பறவை. வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றில் சிறகை விரித்து, வட்டமிட்டபடியே உயர்கிறது. பத்து இருந்த இடத்தில் நூறு சேர்கிறது. காற்று வலுவிழக்கும் உயரம் வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கே சறுக்குகின்றன. சிறகடிப்பே இல்லை. உயரம் குறைந்தால் அடுத்த சூட்டுக் காற்று, மறுபடி வட்டம்.

கடல்மேல் இந்தக் காற்று சரியாக எழாது. அதனால் பெரும்பாலானவை குறுக்கே பறக்காமல் தரைவழியாகவே சுற்றிப் போகின்றன. மெக்சிகோவின் வெராக்ரூஸில், மலைக்கும் கடலுக்கும் நடுவே, இலையுதிர் காலத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இரைகொல்லிப் பறவைகள் கடக்கின்றன.

வீட்டில் ஒரு பையன் படிப்பை முடித்துவிட்டு இரண்டு வருஷம் பரீட்சைக்குத் தயாரானால், “சும்மா சுத்திக்கிட்டிருக்கான்” என்று நாமே சொல்லிவிடுகிறோம். நாலு பேர் கேட்பார்களே என்ற கவலை நமக்கு. சுற்றுகிறானா, ஏறுகிறானா என்பது கீழே நிற்பவர் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. வெறுமனே சுற்றுகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை.

ஹாக் மவுண்டனிலேயே ஒரு மனிதர், பார்ப்பவர் கண்ணுக்குச் சும்மா இருப்பதுபோல, உட்கார்ந்திருந்தார். ஒருகாலத்தில் அது பருந்துகளைச் சுட்டுத்தள்ளும் இடம். ஒருவகை வல்லூறைக் கொன்றால் மாநில அரசே 5 டாலர் சன்மானம் கொடுத்தது. 1934-ல் ரோசலி எட்ஜ் என்ற அம்மையார் மலையைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் ப்ரூன் என்பவரைக் காவலுக்கு வைத்தார். வேட்டைக்காரர்களைத் திருப்பி அனுப்பிய நேரம் போக, ப்ரூன் வானத்தைப் பார்த்துக் கணக்கெழுதினார். போருக்குப் போன காலம் தவிர, இலையுதிர் காலம்தோறும் இதே வேலை. அந்தக் கணக்கு பின்னாளில் எதற்கெல்லாம் உதவும் என்று அவருக்கே அப்போது தெரிந்திருக்காது.

1962-ல் வந்த ‘சைலண்ட் ஸ்பிரிங்’ நூலில் ரேச்சல் கார்சன் அந்தக் கணக்கை எடுத்தாண்டார். 1935 முதல் 1939 வரை கடந்துபோன கழுகுகளில் 40 சதவீதம் இளசுகள். 1955 முதல் 1959 வரை 20 சதவீதமே. டி.டி.டி. என்ற பூச்சிமருந்து கழுகுகளின் இனப்பெருக்கத்தைக் கெடுக்கிறது என்ற அவருடைய வாதத்துக்கு அது சான்றாயிற்று. 1972-ல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடைசெய்தது. ப்ரூன் எண்ணத் தொடங்கியபோது, அந்த மருந்து பூச்சியைக் கொல்லும் என்பதே யாருக்கும் தெரியாது. அந்தக் குணம் 1939-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.