யார் பிழை?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுபவர், ஆங்கிலம் அறியாதவர். சென்ற ஆண்டு இன்சூரன்ஸ் எடுக்கையில், "காலேஜ் படிக்கிற பிள்ளை, நீயே எழுதுப்பா" என்று விண்ணப்பத்தை என்னிடம் தந்தார். பெருமையோடு எழுதிக் கொடுத்தேன்.

பாலிசி வந்தது. ஆர்.சி.யோடு ஒப்பிட்டேன். சேஸிஸ் எண்ணில் 'பி' இருக்கவேண்டிய இடத்தில் '8'! காப்பீடின்றி வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். வண்டியின் அடையாளமே மாறியிருந்தால், விபத்து நேரும்போது எத்தனை வழக்கு, எத்தனை அலைச்சல்! "அலட்சியமான குமாஸ்தாக்கள்!" என்று கொதித்தபடி அப்பாவுடன் அலுவலகம் சென்றேன். அவருக்கு அன்றைய சவாரி போயிற்று.

அங்கிருந்த பெரியவர் ஒன்றும் பேசாமல் விண்ணப்பத்தை எடுத்து வைத்தார். என் எழுத்து! 17 இலக்க சேஸிஸ் எண்ணில் 1, 0 ஆகியவற்றோடு மயங்கும் என்றே ஐ, ஓ, கியூ எழுத்துகளைச் சேர்ப்பதில்லை. என் அவசரத்தில் 'பி'யோ எட்டாகவே நின்றது. அதன் கீழே, என்னை நம்பி அப்பா இட்ட கையெழுத்து.

ஆர்.சி. நகலும் கடிதமும் கொடுத்தோம். திருத்தி 'எண்டார்ஸ்மென்ட்' தந்தனர்.

"தப்பு யாருதுப்பா?" என்றார் அப்பா, வெளியே வந்ததும்.

"என்னுடையதுதாம்ப்பா."

அவர் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நண்பர்களே, நம் வீட்டார் படிக்காமலே கையெழுத்திடுவது தாளை நம்பியன்று, நம்மை நம்பியே!