ரேகை தேய்ந்த விரல்களிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள தபால்காரத் தம்பிக்கு,

வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிற நன்றி இல்லை இது. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

2023 ஜூனில், 58 வயதில், அச்சகத்து பைண்டிங் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். இருபத்தைந்து வருடம் தாள் மடித்து, பசை தடவி, நூல் கோத்த கை. பென்ஷன் மாதம் 2,870 ரூபாய் என்று வந்தது. 1995 நவம்பரில் வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு இவ்வளவுதான் தேறும். 2014-இல் குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று வைத்தார்களே தவிர, அகவிலைப்படி கிடையாது. பருப்பு விலை ஏறினால் நாங்கள்தான் பருப்பைக் குறைக்க வேண்டும். இது நியாயமில்லை என்பதை இன்றும் சொல்வேன்.

பி.எஃப். நாலு லட்சம் கைக்கு வந்த வாரம், கிரிவலப் பாதைப் பக்கம் மனை வாங்கச் சொல்லி ஒரு உறவினர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பதிவுத் தபால் கொண்டுவந்த நீங்கள் கையெழுத்து வாங்கிவிட்டுப் போயிருக்கலாம். அவர் கிளம்பும்வரை காத்திருந்து சொன்னீர்கள்: "ஐயா, போஸ்ட் ஆபீஸ்ல மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கு. ரிட்டயர் ஆனவங்க அறுபதுக்கு முன்னாலயும் சேரலாம். ஆனா பணம் வந்த ஒரு மாசத்துக்குள்ள போட்டாகணும்." 2023 நவம்பர் வரை இருந்த அந்த ஒரு மாதக் கெடு எனக்குத் தெரியாது. 8.2 சதவீத வட்டியில் இன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை 8,200 ரூபாய் வருகிறது. அதையும் பென்ஷனையும் சேர்த்தால் மாதம் ஐயாயிரத்து அறுநூறு. வீடு சொந்தம், அரிசி ரேஷனில், காய் உழவர் சந்தையில். வீட்டுக்காரிக்கு பி.பி. மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வாசலுக்கே வந்துவிடுகிறது. ஓடுகிறது, தம்பி.

அடுத்த வருடம், பென்ஷன் தொடர ஆயுள் சான்று கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு சேவை மையத்தில் பத்து விரலும் வைத்தேன், ஒன்றும் விழவில்லை. பசையும் தாளும் ரேகையைத் தின்றிருந்தன. "நாளைக்கு வாங்க" என்று மூன்று நாள் அலைந்தேன். கடைசியில் பென்ஷன் நின்றுபோனது. உயிரோடு இருப்பவன் கணக்கில் இல்லாமல் போனால் என்ன வலி வலிக்கும் என்று அந்த மாதம்தான் தெரிந்தது.

நீங்கள் வந்தீர்கள். என் வலது கட்டைவிரலைத் துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டு, மறுபடி துடைத்து, கருவியில் அழுத்திப் பார்த்தீர்கள். விழவில்லை. அவசரப்படவே இல்லை நீங்கள். "முகத்தை வச்சே எடுக்கலாம் ஐயா" என்று என்னை வெளிச்சம் பார்த்து உட்காரவைத்து, கைபேசியைப் பிடித்து, "கண்ணைச் சிமிட்டுங்க" என்றீர்கள். சிமிட்டினேன். சான்று எண் வந்தது. அப்போது கட்டணம் எழுபது ரூபாய். மேற்கொண்டு கொடுத்த காபிக் காசை வாங்க மறுத்துவிட்டீர்கள்.

இதையெல்லாம்விடப் பெரியது ஒன்று உண்டு. வேலை விட்டதிலிருந்து காலை ஒன்பது மணி ஆனால் கை பரபரக்கும். விடியற்காலையில் கிரிவலப் பாதையில் யமலிங்கம் வரை நடந்து திரும்புவேன். அப்புறம் பகல் முழுக்க மலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். வீட்டில் பேச்சு குறைந்துபோனது. படிவத்தில் என் கையெழுத்தைப் பார்த்த அன்று நீங்கள் கேட்டீர்கள்: "இந்தத் தெருவுல படிக்கத் தெரியாத பெரியவங்க எத்தனையோ பேர். எழுதிக் கொடுப்பீங்களா ஐயா?"

இப்போது என் திண்ணையில் தினமும் யாராவது இருக்கிறார்கள். பணம் எடுக்கும் சீட்டு, முதியோர் பென்ஷன் மனு, ஆதாரில் முகவரி மாற்றம். கிழிந்த பாஸ்புக்குக்கு நூல் கோத்து அட்டை போட்டும் தருகிறேன். பழைய ஊசி மறுபடி வேலைக்கு வந்துவிட்டது. என் வீட்டுக்காரி நடுவில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, வந்தவர்களோடு உட்கார்ந்து பேசுகிறாள்.

எங்களுக்கு ஆயுள் சான்றை நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதன்படி தெருவில் ஆறு பேருடைய தேதியைக் காலண்டரில் குறித்திருக்கிறேன். எதிர்வீட்டு ஆயாவுக்கு அடுத்த வாரம் முடிகிறது. ஆதார், பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டேன். அவருக்கும் ரேகை விழாது; வெயில் ஏறுவதற்கு முன்னால் வாருங்கள், திண்ணையில் வெளிச்சம் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் பைண்டர் ஐயா
திருவண்ணாமலை