காற்றுப்பட மூடுங்கள்

ஒக்ரோபர் பிறந்தால் ஸ்காபரோவில் எங்கள் கராஜுக்கு வருகிறவர்களில் ஒருவராவது கேட்பார்: "அண்ணை, இந்தக் காரை வின்ரர் முடியுமட்டும் வெளியில மூடி விடப்போறன். என்ன கவர் வாங்கலாம்?" கவரைப் பற்றி நான் கடைசியில்தான் சொல்வேன். முதலில் என் சொந்தக் கதையைச் சொல்வேன்.

கனடாவுக்கு வந்து மூன்றாம் வருஷம் ஒரு பழைய கார் வாங்கினேன். டிசம்பரில் அதை நீலத் தறப்பாளால் போர்த்து, கயிற்றால் வரிந்து கட்டினேன். மாரி மழைக்கு விறகு நனையாமல் ஊரில் கட்டி வைப்போமே, அதே மாதிரி. ஏப்ரலில் அவிழ்த்தபோது தறப்பாளின் உட்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். பொனற்றில் பெயின்ற் கடுகளவு கொப்பளங்களாகக் கிளம்பியிருந்தது. தறப்பாள் காற்றில் அடித்த இடமெல்லாம் மினுக்கம் போய்க் கீறல். கதவைத் திறந்தால் பூஞ்சண நாற்றம். ஸ்ரியறிங்கில் கையை வைத்தேன், வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது. பனி ஒரு துளியும் உள்ளே போகவில்லை. பிறகு இவ்வளவு தண்ணீரும் எங்கிருந்து வந்தது?

இந்தத் தொழிலில் நான் படித்த பெரிய பாடம் அந்தக் கேள்வியில் தொடங்கியது. தண்ணீர் மேலேயிருந்து வரவில்லை. நிலத்திலிருந்து ஆவியாக எழுந்தது, காற்றில் ஏற்கெனவே இருந்தது, கழுவிச் சரியாகக் காயாத காரிலேயே ஒளிந்திருந்தது. ரொறன்ரோவின் குளிர் ஒரே சீராக உறைந்து கிடப்பதில்லை. ஓரிரவு மைனஸ் 12 இருக்கும். இரண்டு நாள் கழித்துப் பகல் பிளஸ் 4 ஆகிப் பனி உருகி ஓடும். காற்றுச் சூடான வேகத்தில் இரும்பு சூடாவதில்லை. குளிர்ந்த சோடாப் போத்தலை மேசையில் வைத்தால் வியர்க்கிற மாதிரி, உறைக்கு அடியில் காரும் வியர்க்கும். அந்த வியர்வை போக வழியில்லாவிட்டால் அங்கேயே கிடந்து தின்னும்.

உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தெருவில் கொட்டுகிற உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்து உப்புநீராகிவிடும். கடும் குளிரில் கறள் மெதுவாகத்தான் ஏறும். பனி இளகுகிற நாட்களில்தான் வேகமெடுக்கும். அதனால்தான் வருகிறவர்களிடம் சொல்வேன்: பனிக்குப் பயப்பட வேண்டாம், அடைபட்ட ஈரத்துக்குப் பயப்படுங்கோ.

இது எனக்குப் புதிதாக இருந்திருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் வெங்காயத்தைச் சாக்கில் கட்டி மூலையில் போட்டதை நான் கண்டதில்லை. பிடி பிடியாகக் கட்டி, கிடுகுக் கொட்டிலுக்குள் தடியில் தொங்கவிடுவார்கள். கிடுகு மழையை வழியவிடும், காற்றைப் போகவிடும். காருக்குப் போர்க்கிற உறையும் கிடுகின் குணம் உள்ளதாக இருக்க வேண்டும்.

ஆனால் உறை கடைசி வேலை. அழுக்கை மூடினால் அழுக்குத்தான் காப்பாற்றப்படும். தெருவில் உப்பு விழுவதற்கு முன், வெயிலுள்ள ஒரு நாளில் கழுவ வேண்டும். மேலே மினுக்குவதைவிட அடிப்பக்கமும் சில்லுகளுக்கு மேலுள்ள வளைவும் முக்கியம். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிய மூன்று நாலு சிறு துவாரங்கள் இருக்கும். பலருக்கு அவை இருப்பதே தெரியாது. அவற்றில் மண் அடைத்திருந்தால் கதவு உள்ளேயிருந்து கறள் பிடித்துக்கொண்டு வரும். நான் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை முறித்து ஒவ்வொரு துவாரத்திலும் விட்டுப் பார்ப்பேன். இரும்புக் கம்பி பெயின்றைச் சுரண்டும், ஈர்க்கு சுரண்டாது. கழுவிய பிறகு அரை மணி நேரம் ஓடினால் பிரேக் காயும். பிறகு கதவுகளைத் திறந்து வெயிலில் விட வேண்டும்.

நிறுத்துகிற இடம் கொங்கிறீற்றாகவோ தாராகவோ இருப்பது நல்லது. புல்லில்தான் விட முடியும் என்றால் நிலத்தில் தறப்பாளை விரித்து, அதன்மேல் காரை நிறுத்துங்கள். தறப்பாளின் இடம் காருக்குக் கீழே.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய ஒயிலில் அமிலம் சேர்ந்திருக்கும், மாற்றிவிட்டு நிறுத்துங்கள். ராங்கை நிரப்பினால் ஈரக்காற்றுக்கு உள்ளே இடமில்லை. பெற்றோல் கெடாமல் காக்கும் திரவத்தையும் ஊற்றிப் பத்து நிமிஷம் ஓடவிடுங்கள். கூலன்ற் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் மைனஸ் 37 வரை உறையாது. நிறைந்த பற்றரி மைனஸ் 50இலும் தாங்கும், வெறுமையான பற்றரி மைனஸ் 10ஐ ஒட்டியே உறைந்து வெடித்துவிடும். கழற்றி வீட்டுக்குள் வைத்து மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். ஹாண்ட்பிரேக் போட வேண்டாம், மாதக்கணக்கில் இழுத்துவிட்டால் ஒட்டிக்கொள்ளும். சில்லுக்குக் கட்டை வையுங்கள். ரயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டுங்கள். புகைக்குழாயிலும் காற்று உள்ளே போகிற வாயிலும் இரும்புப் பஞ்சைத் திணித்தால் எலி கூடு கட்டாது. திணித்ததை ஒரு சிவப்புத் துண்டில் எழுதி ஸ்ரியறிங்கில் கட்டுங்கள். ஏப்ரலில் நினைவிருக்காது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கிழமைக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம் ஸ்ராட் பண்ணி நிறுத்துவது நல்லது என்று பலர் நம்புகிறார்கள். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகும். நீண்ட ஓட்டத்தில் அது ஆவியாகப் போய்விடும். ஐந்து நிமிஷத்தில் புகைக்குழாயிலும் ஒயிலிலும் தங்கிவிடும். அரை மணி நேரம் ஓட்ட முடியாவிட்டால் காரைத் தூங்க விடுங்கள்.

இனிக் கவர். பல அடுக்குத் துணி, உட்பக்கம் மிருது, காரின் அளவு, வயிற்றுக்குக் கீழே இழுத்துப் பூட்ட நாடா. அளவு பெரிதானால் காற்றில் அடித்து அரம் மாதிரித் தேய்க்கும். பனி விழுந்தால் மெல்லிய தும்புத்தடியால் தள்ளுங்கள். உறைந்து ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், இளகும்வரை பொறுங்கள். காய்ந்த காற்று வீசுகிற நாளில் கவரைக் கழற்றிக் காரை மூச்சுவிட விடுங்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஓர் அக்கா வந்தார். கணவர் காலமான பிறகு அவருடைய காரை விற்க மனமில்லை, ஓடவும் தெரியாது. "தம்பி, அடுத்த வருஷம் மகன் லைசன்ஸ் எடுக்குமட்டும் இது இருக்க வேணும்" என்றார். நானே போய்க் கழுவி, காயவிட்டு, மூடிக் கொடுத்தேன். பனி இளகி வெயில் எறிக்கிற நாளெல்லாம் அவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன் கவரைக் கழற்றுவாராம். சில நாள் கதவைத் திறந்து முன் சீற்றில் கொஞ்ச நேரம் இருப்பாராம்.

ஏப்ரலில் பற்றரியைப் பூட்டப் போனேன். குனிந்து கதவின் அடியில் ஈர்க்கை விட்டு இழுத்தேன். காய்ந்தபடியே வந்தது.