முதல் கான்ஃபரன்ஸுக்குப் போறீங்களா?

உங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பிலும் அந்த மெசேஜ் வந்திருக்கும். "தேசிய மாநாடு. ஆய்வுச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை." பாதிப் பேர் பார்க்காமலே தள்ளிவிடுவோம். மீதிப் பேர் சான்றிதழுக்காகப் பேர் கொடுப்போம். நான் ரெண்டாவது ரகம். போன வருஷம், மூணாவது வருஷம் படிக்கும்போது, சென்னையில் நடந்த ஒரு மாநாட்டுக்கு அப்படித்தான் போனேன். ரெஸ்யூமில் ஒரு வரி சேரும், அவ்வளவுதான் என் கணக்கு. அங்கே நான் சொதப்பினதையும் கடைசியில் எனக்குக் கிடைச்சதையும் சொல்றேன். உங்க முதல் மாநாடாவது உருப்படியா அமையட்டும்.

முதல்ல புராஜெக்ட் பத்தி. பட்டுப் புடவை பார்டரில் மயிலும் மாங்காயும் எப்படி வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். துளை போட்ட அட்டைகளைச் சங்கிலி மாதிரி கோர்த்து அதில் மாட்டியிருப்பாங்க. அட்டையில் துளை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், அதோட கொக்கி மேலே ஏறும், அந்தக் கொக்கியில் கட்டின பாவு நூலும் தூக்கும். துளை இல்லைன்னா நூல் அப்படியே கிடக்கும். நம்ம பாஷையில் சொன்னா ஒண்ணு, பூஜ்யம். 1804-ல் பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்டு கொண்டுவந்த முறை இது. பின்னாடி சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்குத் துளை அட்டை வைக்கலாம்னு நினைச்சதே இதைப் பார்த்துத்தான்.

அட்டையில் ஒரு துளை விட்டுப்போச்சுன்னா பார்டரில் அந்த வரி தப்பாகும். நெய்து முடிச்ச பிறகு கண்டுபிடிச்சா, ஊடையைப் பிரிச்சு எடுக்கணும். பட்டும் சரிகையும் பிரிக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. அதனால நானும் என் ஃப்ரெண்டும் செல்போன் கேமராவில் அட்டையைப் படம் எடுத்து, டிசைன் ஃபைலோட ஒப்பிட்டு, விடுபட்ட துளையைக் காட்டுற புரோகிராம் எழுதினோம். 60 அட்டையில் 57-ஐச் சரியா சொல்லிச்சு.

போஸ்டரில் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தேன்: "தரவு சேகரித்த இடம்: அருகிலுள்ள ஒரு கைத்தறி நெசவுக் கூடம்."

அந்த நெசவுக் கூடம் எங்க வீடு. ஆரணியில் எங்க தெருவில் நடந்தா வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். எங்க முன்கட்டிலும் ஒரு குழித்தறி இருக்கு. அப்பா நெய்வார், அம்மா தார் சுத்துவாங்க. முதல் வருஷம் ஹாஸ்டலில் "அப்பா என்ன பண்றார்?"னு கேட்டப்போ, "பிசினஸ்"னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு இப்பவும் சரியா தெரியலை. ஒருமுறை சொன்னதால அப்புறமும் அதையே சொல்லிட்டிருந்தேன்.

மாநாட்டு அன்னைக்கு விடியற்காலை நாலு மணி பஸ். ஒன்பதரைக்குப் பதிவு மேசை, பை, பேனா, சுருக்கத் தொகுப்புப் புத்தகம். அந்தப் புத்தகத்தை நான் திறக்கவே இல்லை. முதல் உரைக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஸ்லைடு எல்லாத்தையும் போட்டோ எடுத்தேன். அதில் ஒண்ணைக்கூட இதுவரை திரும்பிப் பார்க்கலை. டீ பிரேக்கில் எங்க காலேஜ் ஆட்கள் அஞ்சு பேரும் சமோசா தட்டோட ஒரு மூலையில் வட்டம் போட்டு நின்னோம். நூத்தி முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து, தினமும் கேன்டீனில் பார்க்கிற அதே முகங்களோடதான் பேசிட்டிருந்தோம்!

பதினொன்றரைக்குப் போஸ்டர் நேரம். மனப்பாடம் பண்ணின ஆங்கிலத்தை மதிப்பீட்டாளர்கிட்ட ஒப்பிச்சேன். தலையாட்டி, மார்க் போட்டு, போயிட்டார். அடுத்து கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு மேடம் வந்தாங்க. முழுசாப் படிச்சாங்க. பிறகு தமிழில் கேட்டாங்க:

"துளை சரியா இருந்தும் பார்டர் தப்பாகுமாமா?"

நான் முழிச்சேன்.

"அட்டைன்னா காகிதம்தானே. மழைக்காலத்தில் என்ன ஆகும்? அந்த நெசவுக் கூடத்தில் கேட்டீங்களா?"

"இல்லை மேடம்"னு சொன்னேன். இருபது வருஷமா அந்தத் தறிக்குப் பக்கத்தில் தூங்கி எழுந்திரிச்சவ சொன்ன பதில் இது.

சாப்பாட்டு நேரத்தில் வெளியே மரத்தடிக்கு வந்து அப்பாவுக்கு போன் போட்டேன். கேள்வியைச் சொன்னதும் சிரிச்சார். "ஐப்பசி கார்த்திகைல அட்டை ஊறிப் போயிடும்மா. துளை இருக்கும், ஆனா ஊசிக்கு நேரா வராது, கொஞ்சம் தள்ளி நிக்கும். அப்பதான் கொக்கி ஏறாது. அதுக்குத்தானே மழைல அட்டையை இறக்கி உள்ள வைக்கிறேன். நீ பாத்ததில்ல?"

பார்த்திருக்கேன். ஏன்னு கேட்டதில்லை. எங்க புரோகிராம் வெயில் காலத்தில் எடுத்த படத்தை வச்சு, விடுபட்ட துளையை மட்டும் தேடிட்டிருந்துச்சு. அப்பாவுக்கு வருஷா வருஷம் தொல்லை கொடுக்கிறதோ துளை இருந்தும் இடம் மாறி நிக்கிற அட்டை.

அந்த நிமிஷம் "57-ம் வீண்"னுதான் தோணுச்சு. உங்களுக்கும் இப்படி ஒரு நிமிஷம் வரும். அப்போ நினைச்சுக்க ஒரு கதை சொல்றேன். 1928-ல் ஜெர்மன் இயற்பியலாளர் அர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னை வந்து மாநிலக் கல்லூரியில் பேசினார். அங்கே படிச்சிட்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், சோமர்ஃபெல்டு எழுதின அணு அமைப்புப் புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சவர். உரை முடிஞ்சதும் கைதட்டிட்டு வீட்டுக்குப் போகலை, அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே தேடிப் போனார். சோமர்ஃபெல்டு சொன்னது: நீ படிச்ச இயற்பியல் பழசாயிடுச்சு, குவாண்டம் கொள்கை எல்லாத்தையும் மாத்திடுச்சு. கேட்கிற பையனுக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனா அதே சந்திப்பில், உலோகங்களில் எலக்ட்ரான் பத்தித் தான் எழுதி இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப் படியையும் கொடுத்தார். அதைப் படிச்சுத்தான் சந்திரசேகர் புதுப் புள்ளியியலைக் கத்துக்கிட்டார். அடுத்த வருஷமே லண்டன் ராயல் சொசைட்டி இதழில் அவர் கட்டுரை வந்துச்சு.

மாநாட்டில் அவர் அடியும் வாங்கியிருக்கார். 1935 ஜனவரி 11, லண்டன் ராயல் வானியல் சங்கக் கூட்டம். வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஒரு வரம்பு உண்டுன்னு அவர் பேசி முடிச்சதும், அன்றைய பெரிய வானியலாளர் எடிங்டன் எழுந்து அதைக் கேலி பண்ணினார். கூட்டம் சிரிச்சுது. 1983-ல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைச்சது. அந்த வரம்பு இன்னைக்குப் பாடப் புத்தகத்தில் அவர் பேரிலேயே இருக்கு.

நாம சந்திரசேகர் இல்லை, சரி. ஆனா ஒருத்தரைத் தேடிப் போய்ப் பேச நோபல் பரிசு தேவையில்லையே. மூணு மணி டீ பிரேக்கில் எங்க வட்டத்தை விட்டு வெளியே வந்தேன். மேடம் ஜன்னல் ஓரம் தனியா நின்னாங்க. போய் அட்டை ஊறுற விஷயத்தைச் சொன்னேன்.

"யார் சொன்னா?"

"எங்க அப்பா மேடம். அந்த நெசவுக் கூடம் எங்க வீடுதான்."

கப்பைக் கீழே வச்சுட்டு நோட்டை எடுத்தாங்க. எத்தனை கொக்கி பெட்டி, அட்டை எவ்வளவு தடிமன், எந்த மாசத்தில் அதிகம், அப்பா எப்படிக் காய வைக்கிறார்... இருபது நிமிஷம் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பாதிக்குத்தான் எனக்குப் பதில் தெரிஞ்சது. ஒரு ஈரப்பத சென்சார் வாங்கித் தறி பக்கத்தில் வைக்கச் சொன்னாங்க. "தினமும் அதே அட்டையைப் படம் எடு. துளை எவ்வளவு நகருதுன்னு பாரு. அப்புறம் எனக்கு எழுது." கூட நின்ன என் கிளாஸ்மேட் திரும்பி, "உங்க அப்பா பிசினஸ்னு சொன்னே?"னு கேட்டா. "நெசவுதான்"னேன். "எங்க தாத்தாவும் நெசவு"ன்னா. மூணு வருஷமா ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கோம்.

போஸ்டருக்குப் பரிசு கிடைக்கலை. அந்த ஒரு நாளிலிருந்து உங்களுக்குச் சொல்ல நாலு விஷயம் இருக்கு:

பணம் கட்டுறதுக்கு முன்னாடி விசாரிங்க. எந்தத் துறைக் கட்டுரையையும் ரெண்டே நாளில் ஏத்துக்கிட்டு, உடனே கட்டணம் கேட்கிற மாநாடா இருந்தா உங்க சார்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.

சுருக்கத் தொகுப்பை முந்தின ராத்திரியே படிங்க. முன்கூட்டியே கிடைக்கலைன்னா பஸ்ஸில் வாங்கின தூக்கத்தைக் காலை டீயோட முடிச்சுட்டு அங்கேயே புரட்டுங்க. பேசியே ஆகணும்னு மூணு பேரைக் குறிச்சு வைங்க. நாள் முழுக்க எல்லா உரையையும் கேட்டா மதியத்துக்கு மேல ஒண்ணும் ஏறாது.

இங்கிலீஷ் வரலைன்னு வாயை மூடிக்காதீங்க. "இது எனக்குப் புரியலை, இன்னொரு தடவை சொல்றீங்களா?"ங்கிறதை எந்தப் பாஷையில் கேட்டாலும் கேள்விதான். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க. போன் பண்ணிக் கேட்டுட்டு வந்து பதில் சொல்லலாம், நேரம் இருக்கு.

ரெண்டு நாளுக்குள்ள மெயில் போடுங்க. "உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி"யோட நிறுத்தாதீங்க, அவங்க கேட்ட கேள்விக்கான பதிலை எழுதுங்க. எனக்குப் பதினோரு நாள் கழிச்சுத்தான் பதில் வந்துச்சு. படிக்க வேண்டிய ரெண்டு கட்டுரையும், புதுசா மூணு கேள்வியும் அதில் இருந்துச்சு.

ஐப்பசியிலிருந்து எங்க தறியில் சென்சார் தொங்குது. காலையில் அப்பாவே படம் எடுத்து அனுப்புறார், சில நாள் அவர் கட்டைவிரலும் சேர்ந்து வரும். அடுத்த மாநாட்டுக்குப் போஸ்டர் தயாராகுது. கீழே இருந்த அந்தச் சின்ன வரியை எடுத்துட்டேன். மேலே, எங்க ரெண்டு பேர் பேருக்குப் பக்கத்தில், மூணாவதா அப்பா பேர் இருக்கு.