மீனுக்குத் துணை புளிப்பு

பிரான்சில் குடித்தனம் நடத்தும் என் மகள் பிரசவத்துக்குக் கோவிலூர் வந்திருக்கிறாள். அங்கே மீன், சிப்பி விருந்தென்றால் முஸ்கதே என்ற வெள்ளை ஒயினும் உண்டாம். லுவார் ஆறு கடலில் கலக்கும் பக்கத்துத் திராட்சையில் செய்வது. இனிப்பின்றிப் புளிப்பாக இருக்குமாம். மீன் குழம்புக்கு நாம் புளி கரைக்கிற கணக்குத்தான்! கவிச்சியை அடக்கி, நாக்குக்குத் தெளிவு தரும்.

"விருந்திலே ஒரு வாய் குடிச்சா என்னன்னு தோழிகள் கேட்டாங்க, ஆத்தா" என்றாள்.

ஒரு வாயும் வேண்டாம், சகோதரிகளே! மது தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்ச் சேரும். கர்ப்பிணிக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. பிரான்சிலேயே 2007 முதல் ஒயின் பாட்டிலில் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை கட்டாயம்.

புளிப்புத்தானே வேண்டும்? வறுத்த மீனில் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். குடிக்கச் சிட்டிகை உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கொடுங்கள். என் மகள் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.